கசப்பை யார் குடிப்பது?

'சுக்குக்கு மிஞ்சிய மருந்தும் இல்லை, சுப்பிரமணியனுக்கு மிஞ்சிய சாமியும் இல்லை' என்று ஒரு பழமொழி நம் வீடுகளில் இன்றும் புழங்குகிறது. மருந்தையும் சாமியையும் ஒரே கயிற்றில் கட்டிவைத்த சாமர்த்தியத்தைப் பாருங்கள். சாமியைச் சோதிக்கக் கூடாது என்று பழகியவன் சுக்கையும் சோதிக்க மாட்டான். இருமல் நின்றால் அது சுக்கின் மகிமை. நிற்காவிட்டால் சுக்கின்மேல் குற்றமில்லை, பிள்ளையின் தாய்தான் தயிர்ச் சோறு ஊட்டியிருப்பாள், தலைக்குத் தண்ணீர் ஊற்றியிருப்பாள், பிள்ளையைப் பனியில் தூக்கிக்கொண்டு நின்றிருப்பாள். தோற்கவே முடியாதபடி அமைத்துக்கொண்ட வைத்தியம் அது.

மூன்று வயதுப் பிள்ளை ஒன்று பத்து நாளாக வறட்டு இருமலில் அவதிப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். பகலில் ஓடி விளையாடுகிறது. படுத்தால் ஆரம்பிக்கிறது 'லொக் லொக்'. அந்த வீட்டில் அப்போது எத்தனை வைத்தியர்கள் முளைப்பார்கள்! மாமியார் கற்பூரவல்லி இலையை வாட்டிச் சாறு பிழிவார். அத்தை சித்தரத்தையைத் தட்டிக் கஷாயம் வைப்பார். எதிர்வீட்டுப் பாட்டி துளசியும் மிளகும் போதும் என்பார். ஊரிலிருந்து பெரியப்பா ஆடாதொடை இலையைக் கொடுத்தனுப்புவார். தூதுவளை ரசம், அதிமதுரப் பொடி, பனங்கற்கண்டு போட்ட மஞ்சள் பால் எல்லாம் வரிசையில் வந்துசேரும். ஒருவர் திருநீறு மந்திரித்து வருவார், ஒருவர் தர்காவில் ஓதிய தண்ணீர் கொண்டுவருவார், ஒருவர் ஜெபம் செய்த எண்ணெயைத் தடவச் சொல்வார். கடைசியில் கண்ணேறு என்று சந்தேகம் வரும். உப்பையும் காய்ந்த மிளகாயையும் பிள்ளையின் தலையைச் சுற்றி நெருப்பில் போடுவார்கள். நெடி வரவில்லை என்றால் பெரிய திருஷ்டியாம். நெடி வந்தாலோ, ஏற்கெனவே இருமுகிற பிள்ளை இன்னும் நாலு இருமல் கூடுதலாக இருமும்.

இந்த வரிசை முழுவதிலும் ஓர் ஒற்றுமை உண்டு. எல்லாமே பிள்ளையின் வாயில் போகிறது, மூக்கில் போகிறது, நெஞ்சில் பூசப்படுகிறது. மிச்சம் இருப்பது தாயின் தட்டுக்குப் போகிறது. பிள்ளை பால்குடி என்றால் அவளுக்குப் பத்தியம்: வாழைப்பழம் கூடாது, தயிர் கூடாது, ஆரஞ்சு கூடாது. வீட்டில் உள்ள மற்றவர்கள், குறிப்பாக ஆண்கள், எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. நம் கைவைத்தியப் பட்டியலில் பெரியவன் விழுங்க வேண்டிய மருந்து ஒன்றுகூட இல்லாமல் போனது தற்செயலா?

காக்கையும் பனம்பழமும்

முதலில் இருமலைப் பற்றிச் சில உண்மைகள். சின்னப் பிள்ளைக்கு ஆண்டில் ஆறு முதல் எட்டுத் தடவை சளி பிடிப்பது சாதாரணம். கிருமி போன பிறகும் மூச்சுக்குழாயின் உட்சுவர் புண்பட்டே இருக்கும். அது ஆறும்வரை சின்னக் குளிர்காற்றுக்கும் தூசிக்கும் இருமல் வரும். வறட்டு இருமலில் பெரும்பகுதி இதுதான். இது எத்தனை நாள் நீடிக்கும் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கட்டுரை ஒன்று 2013-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. பாதிப் பிள்ளைகளுக்குப் பத்து நாளில் இருமல் தீர்கிறது. பத்தில் ஒன்பது பேருக்குத் தீர்வதற்கு 25 நாள் ஆகிறது.

'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்று பழகிய நமக்கு இருபத்தைந்து நாள் என்பது ஒரு யுகம். எனவே மூன்று நாளைக்கு ஒரு மருந்து மாற்றுகிறோம். ஐந்தாம் நாள் துளசி, எட்டாம் நாள் சித்தரத்தை, பதினோராம் நாள் ஆடாதொடை. பதினான்காம் நாள் இருமல் தானாகத் தணிகிறது. பெயர் வாங்குவது ஆடாதொடை. எதிர்வீட்டில் தணிகிற வேளையில் துளசி கொடுத்திருந்தார்கள், அங்கே துளசிக்குப் பெயர். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது. ஆனால் இந்தக் கதையில் காக்கையைக் கும்பிட்டுத் தலைமுறை தலைமுறையாகப் பேரன் பேத்திக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இயான் பால் என்ற குழந்தை மருத்துவரும் அவரது குழுவும் செய்த ஒரு சோதனை 2014-இல் வெளியானது. இரவில் இருமும் கைக்குழந்தைகளையும் நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளையும் மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்குக் கற்றாழை இனத்துச் செடியின் இனிப்புச் சாறு, இன்னொன்றுக்கு வெறும் சுவையேற்றிய வண்ணத் தண்ணீர், மூன்றாவதற்கு ஒன்றுமில்லை. மறுநாள் பெற்றோரிடம் கேட்டார்கள். சாறு கொடுத்தவர்களும் தண்ணீர் கொடுத்தவர்களும் ஒரேபோல 'பரவாயில்லை, நன்றாகத் தூங்கினான்' என்றார்கள். ஒன்றும் கொடுக்காதவர்கள் அந்த அளவுக்குச் சொல்லவில்லை. தண்ணீரில் மருந்து இல்லை. அப்படியானால் குணமானது யார்? கைக்குழந்தைக்கு 'இது மருந்து' என்று தெரியாது. தெரிந்தது பெற்றோருக்கு. சங்கில் ஊற்றிப் புகட்டியது பிள்ளைக்கு, மனம் ஆறியது அம்மாவுக்கும் அப்பாவுக்கும்.

பெற்றவர் மனம் ஆறுவது தவறா என்று கேட்கலாம். தவறில்லை. ஆனால் அந்த ஆறுதலுக்கு விலை கொடுப்பது யார் என்று கேட்டே ஆக வேண்டும். மருந்தை மறுக்கத் தெரியாத, வேண்டாம் என்று அழுதால் மூக்கைப் பிடித்து ஊற்றப்படுகிற, ஊற்றியதால் வயிறு எரிகிறது என்று சொல்லத் தெரியாத ஒரே ஆள் அந்த வீட்டில் பிள்ளைதான். தன் உடம்பில் ஒருவன் எதை வேண்டுமானாலும் சோதித்துக்கொள்ளட்டும். வாய் பேசத் தெரியாத உடம்பில் சோதிக்கும் உரிமையை 'நம்ம பிள்ளைதானே' என்ற சொந்தம் கொடுத்துவிடாது.

தேனுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதை

பகுத்தறிவு என்றால் பாட்டி சொன்னதை எல்லாம் பழிப்பது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சோதனையில் தேறியதை ஒப்புக்கொள்வதும் பகுத்தறிவுதான். தேன் தேறியிருக்கிறது. அதே இயான் பால் குழு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், படுப்பதற்கு அரைமணி நேரம் முன்பு கொடுத்த தேன், ஒன்றும் கொடுக்காததைவிட இரவு இருமலைத் தணித்தது. கடையில் விற்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் என்ற இருமல் மருந்தோ, ஒன்றும் கொடுக்காததைவிட மேல் என்று காட்ட முடியவில்லை. 2012-இல் இஸ்ரேலில் ஒன்று முதல் ஐந்து வயதுவரையுள்ள 300 பிள்ளைகளிடம் மூன்று வகைத் தேனைப் பேரீச்சம்பழச் சாற்றோடு ஒப்பிட்டார்கள். எல்லாரும் தேறினார்கள், தேன் குடித்தவர்கள் கொஞ்சம் அதிகமாகத் தேறினார்கள். உலக சுகாதார நிறுவனமும் 2001-லேயே தொண்டைக்கு இதமான, தீங்கற்ற வீட்டுப் பண்டங்கள் போதும் என்று எழுதிவிட்டது.

இதே தேனுக்கு ஓர் எல்லையும் உண்டு. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது. தேனில் இருக்கக்கூடிய பொட்டுலினம் என்ற கிருமியின் வித்து அந்தப் பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். குழந்தையின் தசைகள் தளர்ந்து, உறிஞ்சிப் பால் குடிக்கவும் மூச்சு விடவும் முடியாத நிலை வரலாம். இந்த நோய் 1976-இல்தான் கலிபோர்னியாவில் இனங்காணப்பட்டது. நம் பாட்டிகளுக்கு அது தெரிய வாய்ப்பில்லை, அவர்கள்மேல் பழியில்லை. இன்று தெரிந்த பிறகும் பிறந்த குழந்தையின் நாக்கில் 'சேனை' என்று தேன் தொட்டுவைக்கும் படித்த குடும்பத்தின் பழியோ கணக்கில் வரும்.

இயற்கை என்ற சான்றிதழ்

'இயற்கையானது, பக்க விளைவே கிடையாது' என்பது அடுத்த மந்திரம். அரளியும் ஊமத்தையும் எந்தத் தொழிற்சாலையில் தயாராகின்றன?

கற்பூரத்தை எடுத்துக்கொள்வோம். தேங்காய் எண்ணெயில் கரைத்து மார்பிலும் மூக்கடியிலும் தடவுகிறோம். கற்பூரம் பிஞ்சு உடம்புக்குள் போனால் வலிப்பு வரலாம். கடைத் தைலப் புட்டியில் 'இரண்டு வயதுக்குக் கீழ் வேண்டாம்' என்றாவது அச்சிட்டிருக்கும். வீட்டில் காய்ச்சிய எண்ணெய்க்கு அளவும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. வசம்பைச் சுட்டு உரைத்து ஊற்றுகிறோம். அதிலுள்ள பீட்டா அசரோன் எலிகளில் புற்றுக்கட்டியை உண்டாக்கியதால் 1968-லேயே அமெரிக்கா அதை உணவில் சேர்க்கத் தடை போட்டுவிட்டது. குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுகிறோம். எண்ணெய் தொண்டையை உறுத்தாமல் நழுவி நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம், உள்ளே தங்கி நிமோனியாவைக் கொண்டுவரலாம். சளி எடுக்கச் செய்த காரியமே சளிக்காய்ச்சலைக் கொண்டுவரும். ஆவி பிடிக்கவைக்கிறேன் என்று கொதிக்கும் சட்டியின்மேல் பிள்ளையைக் குனியவைத்து, சட்டி கவிழ்ந்து வெந்த கதை தீக்காயப் பிரிவுகளுக்குப் புதிதல்ல.

மூலிகையில் ஒன்றுமே இல்லை என்பது என் வாதமல்ல. ஆடாதொடையில் வாசிசின் என்ற பொருள் இருக்கிறது. அதை வழிகாட்டியாகக் கொண்டுதான் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தை உருவாக்கினார்கள். இலையில் மருந்து இருக்கிறது என்பதே, அதற்கு அளவு வேண்டும் என்பதற்கும் காரணம். வேலை செய்யும் என்றால் அளவு மீறினால் கெடுதலும் செய்யும். கெடுதலே செய்யாது என்றால் வேலையும் செய்யாது. இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்பவர் வியாபாரி.

சிரப் புட்டியும் தப்பாது

இந்த இடத்தில் கைவைத்தியக்காரர்கள் கேட்பார்கள்: 'உங்கள் இங்கிலீஷ் மருந்து மட்டும் யோக்கியமா?' நியாயமான கேள்வி. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா பகுதியில் கோல்ட்ரிஃப் என்ற இருமல் சிரப்பைக் குடித்த இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த சிரப் தயாரானது வேறெங்கும் அல்ல, நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பரிசோதித்தபோது அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு 48.6 விழுக்காடு இருந்தது. இருக்கலாம் என்று விதி சொல்லும் உச்ச அளவு 0.1 விழுக்காடு. 2022-இல் காம்பியாவில் நடந்ததும் இதே நஞ்சின் கொலைதான், அங்கும் சிரப் போனது இந்தியாவிலிருந்து. 1937-இல் அமெரிக்காவில் இதே நஞ்சு நூறு பேருக்கு மேற்பட்டோரைக் கொன்றது. மறுவருடமே, தீங்கில்லை என்று காட்டாமல் புது மருந்தை விற்கக் கூடாது என்று அங்கே சட்டம் வந்தது. தொண்ணூறு ஆண்டு நெருங்கும் நேரத்தில் நாம் அந்தப் பாடத்தைப் பிள்ளைகளின் பிணத்தின்மேல் மறுபடி படிக்கிறோம்.

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்று, அந்தப் பிள்ளைகளுக்கு அந்த சிரப்பே தேவைப்பட்டிருக்காது. இரண்டு வயதுக்குக் கீழ் இருமல், சளி மருந்து கொடுக்கவே கூடாது, ஐந்து வயதுக்குக் கீழ் பொதுவாக வேண்டாம் என்று ஒன்றிய அரசின் சுகாதாரத் துறை 2025 அக்டோபர் 3 அன்று சுற்றறிக்கை விட்டது. இரண்டு, குற்றம் வெளியே வந்தது சோதனைக்கூடம் ஒன்று இருந்ததால். எண்ணிக்கை, புட்டி எண், விழுக்காடு என்று வந்ததால் பிடிபட்டது. உரை மருந்தால் ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆனால் எந்தக் கூடம் எந்தப் புட்டியைச் சோதிக்கும்? 'விதி' என்று சொல்லிப் புதைத்துவிடுவோம். சிரப் கொன்றது என்று நமக்குத் தெரிகிறது. கஷாயம் கொல்லவில்லை என்று நமக்கு எப்படித் தெரியும்?

ஆகவே இரண்டுக்கும் ஒரே கேள்விதான். உள்ளே என்ன இருக்கிறது? எவ்வளவு இருக்கிறது? எந்த வயதுக்கு? யார் சோதித்தார்கள்? பதில் சொல்லும் தேனுக்கு வரவேற்பு. பதில் சொல்லாதது சித்தர் பெயரில் வந்தாலும் கம்பெனி பெயரில் வந்தாலும் வாசலோடு நிற்கட்டும்.

உள்ளே எரிவது எது?

இப்போது யாரும் விரும்பாத இடத்துக்கு வருவோம். ஆறாத மூச்சுக்குழாய்க்கு முதல் எதிரி புகை. பீடி, சிகரெட் புகை. கொசுவத்திப் புகை. விறகடுப்புப் புகை. குளித்த குழந்தையைத் தூக்கிப் பிடித்துக் காட்டும் சாம்பிராணிப் புகை. கதவைச் சாத்திக்கொண்டு ஃபிளாட்டுக்குள் வளர்க்கும் கணபதி ஹோமப் புகை. போகியன்று டயர் எரிக்கும் தெருப் புகை. சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற கொசுவத்திகளை ஆராய்ந்து 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று கணக்கிட்டது. அந்தச் சுருளைத்தான் ஜன்னலைச் சாத்தி, பிள்ளையின் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு, 'ராத்திரியானால் ஏன்தான் இப்படி இருமுகிறானோ' என்று கவலைப்படுகிறோம்.

அப்பா தெருமுனையில் பீடி குடித்துவிட்டு வந்து, அந்தச் சட்டையோடு பிள்ளையை மார்பில் போட்டுத் தூங்கவைக்கிறார். பிள்ளை இருமுகிறது. கசப்புக் கஷாயம் யாருக்கு? பிள்ளைக்கு. வாழைப்பழம் யாருக்குக் கூடாது? தாய்க்கு. வாழைப்பழம் தின்ற தாயின் பாலில் சளி இறங்கும் என்று நம்பத் தயாராக இருக்கும் குடும்பம், எதிரிலேயே மிதக்கும் புகை பிள்ளையின் நெஞ்சில் இறங்கும் என்பதை நம்ப மறுக்கிறது. இது அறியாமை மட்டுமல்ல. நம்பினால் யார் எதை விட வேண்டிவரும் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் நம்பவில்லை. பெண்ணின் பத்தியம் செலவில்லாதது, ஆணின் பீடி தொடக்கூடாதது. நம் கைவைத்தியம் மூலிகையில் தொடங்கவில்லை, வீட்டில் யார் பெரியவர் என்பதில் தொடங்குகிறது.

விறகடுப்பின் கதை வேறு. அந்தப் பெண் புகையை விரும்பி ஊதவில்லை. இலவச எரிவாயு இணைப்பு 2016 முதல் பல கோடி வீடுகளுக்கு வந்தது. அடுத்த சிலிண்டர் வாங்கக் காசில்லாத வீட்டில் அடுப்பு மறுபடி எரிகிறது. அந்தப் பிள்ளையின் இருமலுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் ஆட்சியில் இருப்பவர்கள்.

மூடி மறைக்கும் இருமல்

இன்னொரு பாவமும் இருக்கிறது. சில இருமல்கள் காத்திருக்கக் கூடாதவை. வேர்க்கடலை தின்றுகொண்டே ஓடிய பிள்ளைக்குத் திடீரென்று புரையேறி, அதன்பிறகு இருமல் விடவேயில்லை என்றால், கடலைத் துண்டு மூச்சுக்குழாயில் சிக்கியிருக்கலாம். மருத்துவமனையில் குழாய் விட்டுத்தான் எடுக்க முடியும். நம் ஆட்கள் தொக்கம் எடுக்கப் போவார்கள். வயிற்றை நீவி, ஊதி, உறிஞ்சி, வாயிலிருந்து ஒரு துண்டைக் காட்டுவார் தொக்கம் எடுப்பவர். தாய் நிம்மதியாக வீட்டுக்குப் போவாள். உண்மையான துண்டு உள்ளேயே இருக்கும்.

இருமி இருமி முகம் நீலம் பாய்ந்து, கடைசியில் 'ஹூப்' என்று மூச்சை இழுத்தால் கக்குவான். அதற்கு ஒன்றரை வயதிலும் ஐந்து வயதிலும் போட வேண்டிய முத்தடுப்பு ஊசியை விட்டோமா என்று அட்டையைப் பாருங்கள். இரண்டு வாரம் தாண்டியும் இருமல், கூடவே எடை ஏறவில்லை, மாலையில் காய்ச்சல், வீட்டில் தாத்தாவோ மாமாவோ காசநோய்க்காரர் என்றால் பரிசோதனை வேண்டும். ஊரில் 'பிரைமரி காம்ப்ளக்ஸ்' என்று காதோடு காதாகச் சொல்வார்களே, அதுதான். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். வெளியே சொல்ல வெட்கப்படுவதற்குத்தான் விலை அதிகம்.

ராத்திரி விடியற்காலையில் இருமல், ஓடினால் இருமல், அடிக்கடி வீசிங் என்றால் அது ஆஸ்துமாவாக இருக்கலாம். பம்ப் எழுதித் தந்தால் 'பழகிவிடும்' என்று பயப்படுகிறோம். பழகாது. வாய்வழி மருந்தைவிட மிகக் குறைந்த அளவு நேராக நுரையீரலுக்குப் போகிறது, அவ்வளவே. பெண்பிள்ளை என்றால் பம்பை மறைத்துவைக்கச் சொல்வார்கள்: 'நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டியவள்.' நான்கு வயதுக் குழந்தையின் மூச்சை, இருபது வருடம் கழித்து வரப்போகும் ஒரு முகந்தெரியாத மாப்பிள்ளை வீட்டாருக்காக அடகு வைக்கிறோம். இதற்குப் பெயர் பாசமாம்.

நினைவில் வைக்க வேண்டிய எண்கள் மூன்று. பிள்ளை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40. இவற்றைத் தொட்டாலோ தாண்டினாலோ, விலாவுக்குக் கீழ் நெஞ்சு உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, பாலோ தண்ணீரோ இறங்காவிட்டாலோ அந்த நேரமே ஆஸ்பத்திரி. ராகுகாலம் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பெரியவர்களுக்கு ஒரு மருந்துச்சீட்டு

இந்த அபாயங்கள் எதுவும் இல்லாத சாதாரண வறட்டு இருமலுக்குச் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்குப் படுக்கும்முன் ஒரு சின்னக் கரண்டி தேன். அடிக்கடி வெதுவெதுப்பான தண்ணீர். மூக்கடைத்தால் இரண்டு சொட்டு உப்புநீர். கைக்குழந்தைக்குத் தாய்ப்பால். தாய்க்கு வயிறார எல்லாச் சாப்பாடும், வாழைப்பழம் உட்பட. மற்றபடி பொறுமை.

பெரியவர்களுக்கு இனி எழுதும் சீட்டு கொஞ்சம் கசக்கும். அப்பாவும் தாத்தாவும் பீடி, சிகரெட்டை விட வேண்டும். முடியவில்லை என்றால் அதற்கு மருத்துவ உதவி கேட்க வேண்டும். வாசலில் நின்று ஊதுவதைத் தியாகம் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. கொசுவத்திக்குப் பதில் வலை கட்ட வேண்டும், தேங்கிய தண்ணீரைக் கொட்ட வேண்டும். சாம்பிராணித் தூபக்காலை எடுத்து மேலே வைக்க வேண்டும். சாமிக்குப் புகை வேண்டும் என்பவர்கள், சாமிக்கு நுரையீரல் இல்லை, பிள்ளைக்கு இருக்கிறது என்பதை யோசிக்க வேண்டும். அறிவுரை சொல்ல வரும் சொந்தக்காரர்களிடம் ஒரே ஒரு நிபந்தனை வைக்க வேண்டும்: 'பிள்ளைக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று சொல்லும் முன், நீங்கள் எதை விடப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள்.' பாதிப் பேர் அன்றோடு வைத்தியத்தை விட்டுவிடுவார்கள்.

ஒரு மாதம் செய்து பாருங்கள். இருமல் அப்போதும் நிற்கவில்லை என்றால், புகையால் வரவில்லை என்று ஒரு காரணமாவது உறுதியாகக் கழிந்திருக்கும், மருத்துவருக்கு அது உதவும். சுக்குக்கும் சித்தரத்தைக்கும் திருநீற்றுக்கும் மிளகாய் நெடிக்கும் மாறி மாறி வாய்ப்புக் கொடுத்த குடும்பம், நல்ல காற்றுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுக்கட்டும். அந்த வாய்ப்பைக் கொடுக்க முடியாது என்று மறுக்கும் பெரியவர், இனி எந்தக் குழந்தையின் வாயிலும் கசப்பை ஊற்ற உரிமையில்லாதவர்.